ஊருக்கு முன் நாயைப் பாருங்கள்

ஆகஸ்ட் மாதம் எடின்பரோவில் கலைவிழா. தெருவுக்குத் தெரு நாடகமும் இசையும் நடக்க, ஹோட்டல் வாடகை கையைச் சுடும். அதே நாள்களில் அந்த ஊர்க்காரர் ஒருவர் ஸ்பெயின் கடற்கரைக்குக் கிளம்ப நினைப்பார். பதினான்கு வயதுப் பூனையை யாரிடம் விட்டுப் போவது என்பதுதான் அவர் கவலை. வந்தவருக்குத் தங்க இடம் வேண்டும், போகிறவருக்கு நம்பி விட்டுச் செல்ல ஆள் வேண்டும். இந்த இரண்டு தேவைகளையும் சேர்த்து வைக்கும் ஏற்பாட்டுக்கு ஹவுஸ் சிட்டிங் என்று பெயர். வீட்டுக்காரர் ஊரில் இல்லாதபோது, முன்பின் பழக்கமில்லாத ஒருவர் வந்து தங்கி, வீட்டையும் அதிலுள்ள நாய் பூனைகளையும் பார்த்துக்கொள்கிறார். வாடகையும் கிடையாது, சம்பளமும் கிடையாது.

பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரான்ஸ், வட அமெரிக்கா ஆகிய இடங்களில் இது நன்றாக வேரூன்றிவிட்டது. நம் ஊரில் பக்கத்து வீட்டு அக்காவோ சித்தப்பா மகனோ செய்கிற உதவிக்கு அங்கே ஆள் கிடைப்பதில்லை. நாய் விடுதியில் விட்டால் செலவு ஒருபுறம், பழகிய மூலையை விட்டு வந்த நாய் சோறு தின்னாமல் கிடப்பது மறுபுறம். போதாததற்கு, பல பிரிட்டிஷ் வீட்டுக் காப்பீடுகள் 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்த வீட்டுக்கு முழு இழப்பீடு தருவதில்லை. அதனால் விலங்கே இல்லாத வீட்டுக்குக்கூட ஆள் தேடுகிறார்கள்.

இதில் இறங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஊரிலிருந்து தொடங்குகிறார்கள். பாரிஸ் வேண்டும், லண்டன் வேண்டும் என்று தேடி, கிடைத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த வரிசை தலைகீழ். அங்கே போனபின் ஒரு நாள் எப்படிக் கழியும் என்பதைத் தீர்மானிப்பது ஊர் அல்ல, வீட்டிலிருக்கும் விலங்கு. அதற்கும் முன்னால் கையில் இருக்கும் பாஸ்போர்ட்.

பாஸ்போர்ட்டிலிருந்தே தொடங்கலாம். சம்பளம்தான் வாங்கவில்லையே, சுற்றுலா விசா போதாதா என்று தோன்றும். குடிவரவுச் சட்டங்கள் அப்படிப் பார்ப்பதில்லை. வழக்கமாக ஊதியம் கிடைக்கக்கூடிய செயல் எதுவும் வேலைதான் என்கிறது ஆஸ்திரேலிய விதி. உள்ளூர்க்காரர்களின் பிழைப்போடு நேரடியாகப் போட்டியிடும் செயலையும் வேலைக் கணக்கில் சேர்க்கிறது கனடா. 2022இல் ஆஸ்திரேலியப் பெண் ஒருவர் கனடாவில் பூனைகளைப் பார்த்துக்கொள்ளப் போகும் வழியில் லாஸ் ஏஞ்சலிஸில் விமானம் மாற இறங்கினார். தங்குமிடத்துக்கு ஈடாகப் பூனை பார்ப்பதும் வேலையே என்று கருதிய அமெரிக்க அதிகாரிகள் அவரை விசாரித்து நாட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டனர். ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டுக்கே அந்த நிலைமை. நண்பரைப் பார்க்கப் போகிறேன் என்று மாற்றிச் சொல்லித் தப்பிக்கலாம் என்ற யோசனை வேண்டவே வேண்டாம். விசா விண்ணப்பத்தில் ஏமாற்றியது தெரிந்தால் பிரிட்டன் பத்து ஆண்டுகளுக்குக் கதவை மூடிவிடும்.

ஆகவே இந்த ஏற்பாடு யாருக்கு முழுமையாகப் பொருந்தும் என்று கேட்டால், அந்தந்த நாட்டில் குடியுரிமையோ வேலை செய்யும் உரிமையோ உள்ளவர்களுக்கு என்பதே நேர்மையான பதில். டொராண்டோ தமிழர் வான்கூவர் தீவில் ஒரு மாதம் தங்கலாம். சிட்னி தமிழர் டாஸ்மேனியாவைச் சுற்றிப் பார்க்கலாம். லண்டன் ஹாரோவில் வசிக்கும் குடும்பம் கார்ன்வால் கடலோரத்துக்குப் போகலாம். சொந்த நாட்டையே இன்னும் பார்க்காதவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ சுற்றுலா விசாவில் போக நினைப்பவர், அந்த நாட்டின் தூதரகத்திடமோ குடிவரவு வழக்கறிஞரிடமோ கேட்டுத் தெளிந்த பிறகுதான் எந்தத் தளத்துக்கும் பணம் கட்ட வேண்டும்.

விசா சந்தேகத்தில் மாட்டாமல் இதே பலனைத் தருவது வீட்டுப் பரிமாற்றம். 1992இல் தொடங்கிய ஹோம்எக்ஸ்சேஞ்ச் இதில் பெரிய பெயர். உங்கள் வீட்டில் அவர், அவர் வீட்டில் நீங்கள். இருவரும் ஒரே தேதியில் மாறிக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. விருந்தினரை ஏற்றால் புள்ளிகள் சேரும், அவற்றைக் கொண்டு வேறொருவர் வீட்டில் தங்கலாம். பள்ளிப் பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்கு இதுவே மேல். பொறுப்பில் நாய் இல்லாததால் காலையில் கிளம்பி இரவு வரை சுற்றலாம். ஆனால் நம் வீட்டை நான்கு பேர் வந்து புழங்கும்படி ஒழித்துக் கொடுக்க மனம் வர வேண்டும். பீரோவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனால் சரியாகிவிடாது. அடுக்களையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

பணம் வாங்கிக்கொண்டு விலங்குகளைப் பார்த்துக்கொள்வது மூன்றாவது வழி. 2011இல் சியாட்டிலில் பிறந்த ரோவர் அப்படிப்பட்டது. தளம் கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியைத் தரும். இது ஐயமில்லாமல் வேலை. பிரிட்டனில் படிக்கும் மாணவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். மாணவர் விசாவில் கல்விப் பருவ நாள்களில் வாரம் 20 மணி நேரம் வரை சம்பளத்துக்கு வேலை பார்க்க முடிந்தாலும் சுயதொழிலுக்கு அனுமதி கிடையாது. ரோவரில் நாய் பார்ப்பது சுயதொழில் கணக்கில்தான் வரும்.

பண்ணையில் சில மணி நேரம் உழைத்து, உணவும் படுக்கையும் பெறுவது இன்னொன்று. 1971இல் இங்கிலாந்தில் முளைத்த வூஃப் இயக்கம் இதன் முன்னோடி. வீட்டுக்காரரும் கூடவே இருப்பார், இரவு ஒரே மேசையில் சாப்பாடு. தனியாகப் போகிற இளைஞருக்கு வெற்று வீட்டைவிட இது நல்லது. விசா சிக்கல் இதிலும் அப்படியே உண்டு.

இனி ஹவுஸ் சிட்டிங் தளங்கள். பெரியது டிரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ், 2010இல் பிரிட்டனில் தொடங்கியது. வீட்டுக்காரர், பார்த்துக்கொள்ள வரும் சிட்டர் இருவருமே ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். சிட்டரின் அடிப்படைச் சந்தாவே நூறு டாலரைத் தாண்டும். வாய்ப்புகள் ஏராளம், போட்டியும் ஏராளம். ஓர் அறிவிப்புக்கு ஐந்து விண்ணப்பங்கள் சேர்ந்ததும் மேற்கொண்டு யாரும் விண்ணப்பிக்க முடியாதபடி நிறுத்தி வைக்கிறார்கள். லண்டன் நடுவே அழகான வீடு, ஒரே ஒரு பூனை என்றால் அறிவிப்பு வந்த வேகத்தில் முடிந்துவிடும். மைண்ட்மைஹவுஸ் 2005இலிருந்து இருக்கிறது. சந்தா மிகக் குறைவு, அறிவிப்புகளும் குறைவு. பிரான்ஸுக்கு நோமடோர், ஆஸ்திரேலியாவுக்கு ஆஸி ஹவுஸ் சிட்டர்ஸ், நியூசிலாந்துக்குக் கிவி ஹவுஸ் சிட்டர்ஸ் என்று நாட்டளவில் வலுவானவையும் உண்டு. ஒரே நாட்டுக்குள் சுற்றப்போகிறவர் அந்த நாட்டுத் தளத்துக்குக் கட்டினால் போதும். ஆண்டில் பல மாதம், பல நாடு என்று வாழ்கிறவருக்குத்தான் பெரிய தளத்தின் சந்தா நியாயப்படும்.

தளத்தைவிட முக்கியமான தேர்வு விலங்கு.

ஊர் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பவருக்குப் பூனை. வளர்ந்த, ஆரோக்கியமான பூனை பகலில் எட்டு மணி நேரம் தனியாக இருக்கும். காலையும் மாலையும் உணவு, மணல் தட்டைச் சுத்தம் செய்வது, கொஞ்ச நேரம் விளையாட்டு. வேலை இவ்வளவுதான் என்றாலும், பூனை தன் நோயை மறைத்துக்கொள்ளும் பிராணி. புது ஆளைக் கண்டு கட்டிலடியில் போய் ஒளிந்துகொள்வது இயல்பு. இரண்டு நாள் ஒன்றுமே தின்னாமல் இருப்பது இயல்பல்ல, கல்லீரலைப் பாதிக்கும். கடுவன் பூனை மணல் தட்டில் குந்திக் குந்தி முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அடைப்பு நீங்காவிட்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. வீட்டுக்காரர் திரும்பும் நாளில் அன்போடு பூங்கொத்து வாங்கி வைக்கிறவர்கள் லில்லி மலர்களைத் தவிர்க்க வேண்டும். அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் கெட்டுவிடும்.

நாய் இருக்கும் வீட்டில் நாள் நாயைச் சுற்றித்தான் ஓடும். ஜெர்மனியில் விதியே இருக்கிறது: நாயைப் போதிய அளவுக்கு வெளியே கூட்டிப்போய் உலாவவிட வேண்டும். ஸ்வீடனில் பகலில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது. பெர்லினில் தங்கி டிரெஸ்டன் பார்க்க ஆசைப்பட்டால் ரயிலில் போகவர மட்டுமே நான்கு மணி நேரம் ஆகும். நாயை வீட்டில் வைத்துவிட்டு அந்தப் பயணம் நடக்காது. கூடவே கூட்டிப்போகலாம். பிரிட்டிஷ் ரயில்களில் பயணி ஒருவர் இரண்டு நாய்கள் வரை இலவசமாகக் கொண்டுபோக முடியும். நடக்கப் பிடிக்கிறவருக்கு நாயே நல்ல வழிகாட்டி. எந்தப் பூங்காவுக்கு எந்தச் சந்து வழியாகப் போக வேண்டும் என்று அதற்குத் தெரியும், நாயோடு நடக்கிறவரிடம் உள்ளூர்க்காரர்கள் தாமாகவே பேச்சுக் கொடுப்பார்கள். வார் இல்லாமல் அவிழ்த்துவிடும் சோதனையை மட்டும் முதல் வாரத்தில் செய்யக் கூடாது. எஜமானர் கூப்பிட்டால் ஓடிவரும் நாய் உங்கள் குரலுக்கு வர வேண்டும் என்ற அவசியம் இல்லை. குட்டி நாய் என்றால் அது வேறு கணக்கு. இரவிலும் எழுந்து வெளியே விட வேண்டும். விடுமுறை என்ற எண்ணத்தோடு போகிறவர் குட்டியை ஒப்புக்கொள்ளவே கூடாது.

கிராமத்து வீடுகளில் கோழிகள் இருக்கும். முட்டை எடுக்கலாமே என்று சந்தோஷமாக ஒப்புக்கொள்வோம். கோழி அந்திக்குத் தானாகவே கூடடைந்துவிடும், ஆனால் கூட்டின் கதவை மனிதர்தான் போய்ச் சாத்த வேண்டும். ஒருநாள் மறந்தாலும் நரி வந்துவிடும். ஸ்காட்லாந்தில் ஜூன் கடைசியில் சூரியன் மறைவதே இரவு பத்து மணிக்கு. ஒன்பதரைக்கெல்லாம் கோழிகள் இன்னும் புல்லைக் கிளறிக்கொண்டிருக்கும். எல்லாம் உள்ளே போய், பரணில் வரிசையாக உட்கார்ந்தபின் ஒவ்வொன்றாக எண்ணி, தாழ்ப்பாளைப் போடும்வரை வெளியே இரவுச் சாப்பாட்டுக்குப் போக முடியாது.

சர்க்கரை நோயுள்ள பூனைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு இன்சுலின் ஊசி. பிடரித் தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்து, அதற்குள் நுண்ணிய ஊசியைச் செலுத்த வேண்டும். கற்றுக்கொள்வது கடினமல்ல. ஆனால் காலை ஏழு, மாலை ஏழு என்றால் எந்த நாளும் ஏழுதான். மருந்து கொடுக்கத் தெரிந்தவரை வீட்டுக்காரர்கள் தேடித் தேடி எடுப்பார்கள் என்பதால், வீட்டிலிருந்தே எழுத்து, கணினி வேலை பார்க்கிறவருக்கு வயதான விலங்குள்ள வீடு நல்ல தேர்வு. போட்டி குறைவு, விலங்கும் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் மே முதல் செப்டம்பர் வரை, தெற்கிலுள்ள ஓய்வுபெற்றோர் குளிருக்குத் தப்பி கேரவன் வண்டிகளில் வடக்கே போகிறார்கள். இரண்டு மூன்று மாதம் நீளும் வாய்ப்புகள் அப்போது வரும். கிறிஸ்துமஸ் சமயத்தில் எல்லா நாட்டிலும் ஆள் தேவை கூடுகிறது. சிட்டர்களில் பலரும் தங்கள் வீட்டில் இருக்க விரும்புவதால், அனுபவம் இல்லாதவருக்கும் அந்த நாள்களில் இடம் கிடைக்கும். ஆனால் லண்டனில் டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மாலை நடை இருட்டிலும் மழையிலும்தான்.

பிரெஞ்சு நாட்டுப்புறக் கல்வீட்டின் படத்தைப் பார்த்து மயங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது காரைப் பற்றி. ரொட்டி வாங்கவே வண்டி தேவைப்படும் ஊர்கள் அவை. வீட்டுக்காரர் தன் காரைத் தந்தாலும் அதன் காப்பீடு வேறொருவர் ஓட்டுவதற்கும் பொருந்துமா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஒப்புக்கொள்வதற்கு முன் வீடியோ அழைப்பில் பேசியே ஆக வேண்டும். நாய் அதிகபட்சம் எவ்வளவு நேரம் தனியாக இருக்கும், இரவில் எங்கே படுக்கும் (கட்டிலில்தான் என்பது பல வீடுகளில் பதில்), மற்ற நாய்களைக் கண்டால் என்ன செய்யும், வீட்டுக்குள் கேமரா உண்டா, அவசரத்தில் மருத்துவச் செலவை யார் எப்படிக் கட்டுவது, மாற்றுச் சாவி யாரிடம் என்று தயங்காமல் கேட்கலாம். “ரொம்பச் சாது, தொந்தரவே கிடையாது” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறவரிடம் நேற்றைய நாள் காலையிலிருந்து எப்படிப் போனது என்று கேட்டால் உண்மை வெளியே வரும். பதிலில் மனம் ஒட்டவில்லை என்றால் மறுத்துவிடுவது இரு தரப்புக்கும், முக்கியமாக அந்த விலங்குக்கும் நல்லது.

முதல் வாய்ப்புக்கு நற்சான்று வேண்டும். அக்கம்பக்கத்து நாயைச் சில நாள் பார்த்துக்கொண்டு அவர்களிடம் கடிதம் வாங்கலாம். சென்னையில் இருப்பவர் கிண்டியிலுள்ள ப்ளூ கிராஸ் விலங்கு நல அமைப்பில் தன்னார்வலராக உழைத்தால், கைப்பழக்கமும் வரும், சொல்லிக்கொள்ள அனுபவமும் சேரும். காவல்துறைச் சான்று கேட்டால், பாஸ்போர்ட் அலுவலகம் தரும் சான்றிதழ் சுற்றுலாப் பயணிக்குக் கிடைக்காது. தமிழ்நாடு காவல்துறை இணையவழியில் தரும் தனிநபர் சரிபார்ப்பு அறிக்கைக்கு விண்ணப்பிக்கலாம். முதல் முறை மூன்று நான்கு நாளுக்கு மேல் ஏற்க வேண்டாம், பெரிய ஊரையும் குறிவைக்க வேண்டாம். வசிக்கும் இடத்திலிருந்து ரயிலில் போய்வரும் தூரத்தில் ஒரு சிற்றூர், ஒரு வயதான பூனை, நேரில் ஒருமுறை போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வரக்கூடிய வீட்டுக்காரர் என்றால் உடனே விண்ணப்பிக்கலாம்.