மின்சுற்றுப் பலகையும் மீட்டெடுக்கும் வரைபடமும்

பழைய இயந்திரமொன்று பழுதாகி, அதைச் செய்த நிறுவனமும் மறைந்துவிட்ட நிலையில், உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையை ஆராய்ந்து அதன் வரைபடத்தை மீட்டுக்கொள்ள முடியுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம், கண்ணுக்குத் தெரிகிற கோடுகள்தானே, இதில் என்ன கஷ்டம் என்று ஒரு சாராரும், அடுக்கடுக்கான பலகை, அது நடக்கிற காரியமில்லை என்று மற்றொரு சாராரும் சொல்லக் கேட்கிறோம். இரு சாராரும் பலகையின் தாமிரத்தை மட்டுமே பார்த்துப் பேசுகிறார்கள். சாத்தியாசாத்தியத்தை நிர்ணயிக்கும் விஷயமோ பெரும்பாலும் தாமிரத்தில் இல்லை.

நம்பிக்கை: கோடுகள் தெரிந்தால் சுற்றும் தெரிந்துவிடும்.

இரு முகங்களில் மட்டும் தாமிரம் பதித்த பலகையைப் பொறுத்தவரை இது ஓரளவு மெய்யே. பாகங்களைக் கழற்றி, இரு முகங்களையும் ஸ்கேனரில் படமெடுத்து, ஒன்றை இடவலமாகத் திருப்பி மற்றதன்மேல் பொருத்தினால், பொறுமையுள்ள எவரும் இணைப்புகளை எழுதிவிடலாம். ஆனால் பாகங்களின் மதிப்பைக் கோடுகள் சொல்வதில்லை. '472' என்று பொறித்த ரெசிஸ்டர் 4,700 ஓம் என்பது படித்தாலே விளங்கும். எழுத்து அழிந்துபோனதை எண்ணி அதைப் பலகையில் வைத்தே அளப்போமாயின், அதற்கு இணையாக இன்னொரு 4,700 ஓம் பாதை இருக்கும் பட்சத்தில் மீட்டர் 2,350 என்றே காட்டும். சிறு செராமிக் கெப்பாசிட்டர்களின் மேல் பெரும்பாலும் எழுத்தே இராது. ஆகையால் சால்டரிங் அயர்னைத் தொடுமுன் பலகையைத் தெளிவாகப் புகைப்படம் எடுத்து, கழற்றும் ஒவ்வொன்றையும் அப்போதே அளந்து இடங்குறித்து வைக்காதவர், பிறகு எது எங்கே இருந்தது என்று அறிய வழியின்றி நிற்பார்.

நம்பிக்கை: அடுக்குகள் பல இருந்தால் அசாத்தியம்.

பலரை வீணாக மனந்தளரச் செய்வது இந்த நம்பிக்கைதான். பலகையை விளக்குக்கு எதிரே பிடித்தால் நடுப்பகுதி இருண்டு தோன்றுவதைக் கண்டு அஞ்சுகிறார்கள். அந்த இருளோ, நான்கு அடுக்குப் பலகையானால், கிரவுண்டுக்கும் மின்வழங்கலுக்குமாக உள்ளே பரப்பிய தாமிரமாகவே பெரும்பாலும் இருக்கும். சமிக்ஞைக் கோடுகள் வெளி முகங்களில்தான் ஓடும். அடுக்குகள் அதற்கும் மேற்பட்டாலும், எந்தக் கோடும் எத்தனை ஆழத்தில் ஓடினாலும், பயனுள்ளதாக இருக்கவேண்டுமானால் கடைசியில் ஏதேனும் ஒரு பாகத்தின் காலிலோ ஒரு கனெக்டரிலோ வந்து சேர்ந்தே தீரவேண்டும். ஆதலால் பலகையை உடைக்காமலே, மல்டிமீட்டரின் 'பீப்' ஒலியைத் துணைகொண்டு, எந்தக் காலோடு எந்தக் கால் சேர்கிறது என்று அட்டவணையிட்டுவிடலாம். கால்களை அடியில் மறைத்துவைத்த பிஜிஏ சிப்புகளில்தான் இவ்வழி முட்டிக்கொள்கிறது. சிப்பைக் கழற்றினாலன்றி அங்கே முனை எட்டாது.

அதற்கும் அப்பால் செல்லவேண்டியவர்களுக்கு வேறு உபாயங்கள் உண்டு. ஜோ கிராண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், உப்புத்தாள் முதல் சிஎன்சி மில்லிங் வரை, எக்ஸ்ரே முதல் சிடி ஸ்கேன் வரை, பல முறைகளைப் பலகைகளின்மீது சோதித்துக் காட்டியிருக்கிறார். உப்புத்தாள் மலிவானது, ஆயினும் தாமிரப் படலத்தின் வழக்கமான கனம் 35 மைக்ரான்தான் என்பதால், ஒரு மூலையில் கை சற்று அழுந்தினாலும் அங்கிருந்த கோடு தூளாகிப்போகும். கைவசம் ஒரே பலகை உள்ளவர் இதை நாடவே கூடாது.

நம்பிக்கை: வரைபடம் கிடைத்தால் கருவியும் கிடைத்துவிடும்.

பெரும்பாலான முயற்சிகள் உடைவது இங்கேதான். பலகையின்மேல் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் இருந்து, கருவியைச் செய்தவர்கள் அதன் நிரலைப் படிக்கவொட்டாமல் பூட்டிவிட்டிருந்தால், தாமிரம் முழுவதையும் பிழையற நகலெடுத்தாலும் கிடைப்பது உயிரற்ற பலகையே. பூட்டு இல்லாவிட்டாலும் தடை தீர்ந்துவிடாது. ஐபிஎம் தனது கணினியை 1981இல் வெளியிட்டபோது, அதன் சுற்று வரைபடத்தையும் பயாஸ் என்னும் அடிப்படை நிரலையும் தொழில்நுட்பக் கையேட்டிலேயே அச்சிட்டுக் கொடுத்தது. பலகையில் ரகசியம் ஒன்றுமில்லை. அப்படியிருந்தும், அதற்கு ஒத்த கணினியைச் செய்த காம்பாக் நிறுவனம் அந்த நிரலை எடுத்தாளத் துணியாமல், அது செய்யும் வேலையை ஒரு குழு விவரித்து எழுத, அந்த நிரலைப் பார்த்திராத மற்றொரு குழு புதிதாக எழுதும்படி ஏற்பாடு செய்தது. அந்தச் சிரமத்தை ஏற்காமல் ஆப்பிளின் நிரல்களை அப்படியே எடுத்தாண்ட ஃபிராங்க்ளின் நிறுவனத்துக்கு எதிராக, ரோமில் (ROM) பதித்த நிரலுக்கும் பதிப்புரிமை உண்டென்று 1983இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனவே அடுக்குகளை எண்ணுமுன், நிரல் தாங்கிய சிப் ஏதேனும் இருக்கிறதா, அதன் பிரதி கிடைக்குமா என்று பார்ப்பதே முறை என்பது என் திடமான அபிப்பிராயம். நகலெடுப்பது நோக்கமல்ல, பழுது நீக்குவதே நோக்கம் என்றால் இந்தத் தடையும் பல சமயங்களில் குறுக்கிடாது. மின்வழங்கும் பகுதியில் கோளாறு என்று தெரிந்தபின் அந்தப் பகுதியை மட்டும், உள்ளே வரும் வயரிலிருந்து ரெகுலேட்டர் வரை, வரைந்துகொண்டால் போதும். மற்றதெல்லாம் அப்படியே இருக்கலாம்.