ஓய்வு நாளும் உழவர் குடும்பமும்

நகரத்தில் அலுவலகம் செல்வோருக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது நாட்காட்டியில் சிவப்பு எழுத்தில் அச்சிடப்பட்ட நாள். உழவருக்கு அவ்வாறு இல்லை. கறவை மாடு ஞாயிறையும் அறியாது, திங்களையும் அறியாது. காலையில் பால் கறந்து சங்கத்தில் ஊற்றியாக வேண்டும்; மாலையிலும் அவ்வாறே. நடவும் அறுப்பும் நடைபெறும் நாட்களில் ஓய்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. எனினும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சனியும் ஞாயிறும் விடுமுறை. நடவு முடிந்து களை எடுக்கும் வரையிலும், அறுப்பு முடிந்து அடுத்த உழவு தொடங்கும் வரையிலும் பெரியவர்களுக்கும் சிறிது பொழுது வாய்க்கிறது. இரு கறவைக்கும் இடைப்பட்ட ஏழெட்டு மணி நேரமே உழவர் குடும்பத்தின் விடுமுறை என்று கொண்டால், அதனை அதிகச் செலவின்றி எவ்வாறு கழிக்கலாம் என்பதை இங்கு ஆராய்வோம்.

சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைக் கவனிக்கவே நேரம் போதாத பஞ்சாயத்துக்கு இது ஒரு வேலையா என்று சில உறுப்பினர்கள் கேட்கக்கூடும். ஆம், வேலைதான் என்பது நம் கருத்து. குடும்பத்தோடு சென்று அமர ஊரில் ஓர் இடம் இல்லையெனில் அந்த நாள் தானாகவே கலைந்துவிடுகிறது. ஆண்கள் தேநீர்க் கடைக்கும் சீட்டாட்டத்துக்கும், சிலர் மதுக்கடைக்கும் செல்கின்றனர். பிள்ளைகள் கைப்பேசியோடு திண்ணையில் முடங்குகின்றனர், அல்லது யாரும் பார்க்காத நேரத்தில் குட்டைக்கு நீந்தச் செல்கின்றனர். பெண்களுக்கோ அன்றுதான் துணி துவைப்பதும், வீடு மெழுகுவதும், கறி சமைப்பதும். வாரம் முழுவதும் கழனி வேலை செய்த பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை இரட்டை வேலை நாளாகிறது.

குடும்பம் வெளியே செல்லும் நாளிலும் இதே நிலைதான். எல்லோரும் எட்டு மணிக்குப் புறப்பட வேண்டுமானால் வீட்டுப் பெண் நான்கு மணிக்கு எழுகிறார். திரும்பி வந்ததும் மற்றவர் கால் நீட்டிப் படுக்க, அவர் பாத்திரம் துலக்குகிறார். இதனை ஓய்வு என்று எப்படிச் சொல்வது? ஆகவே முதல் ஏற்பாடு சமையலில் தொடங்க வேண்டும். புளிச்சோறு முதல் நாள் இரவே கிளறி வைக்கத்தக்கது, கெடாது. துவையலும் வறுத்த வற்றலும் போதும். கட்டுச்சோற்றைச் சுமப்பதும், திரும்பியபின் தூக்குகளைக் கழுவுவதும் ஆண்களின் பொறுப்பு என்று முன்னரே பேசிக்கொள்வது நலம். மாமியார் என்ன சொல்வாரோ என்ற தயக்கம் சில வீடுகளில் இருக்கும். மகன் தூக்கைக் கையில் எடுத்துவிட்டால் அந்தத் தயக்கம் நெடுநாள் நிற்பதில்லை.

இனி, செல்லும் இடம். ஒரு காசும் செலவில்லாத இடம் ஊர் ஏரிக்கரை. மாலை வெயில் தாழ்ந்தபின் கரைமேல் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பிள்ளைகளோடு நடந்து பாருங்கள். தண்ணீர் எந்த வரத்துக் கால்வாய் வழியே வருகிறது, எந்த மடை எந்த வயல்களுக்குப் பாய்கிறது, ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழியும் நீர் அடுத்து எந்த ஏரிக்குச் செல்கிறது என்பவற்றைத் தாத்தாக்கள் அறிவர். பேரப்பிள்ளைகளுள் பலர் அறியார். கரையில் நண்டு வளை எங்கே, அரிப்பு எங்கே, வரத்துக் கால்வாயை அடைத்து வேலி போட்டிருப்பது எங்கே என்பதும் அந்த நடையில் கண்ணில் படும். உறுப்பினர்கள் தம் குடும்பத்தோடு மாதம் ஒரு முறை இவ்வாறு நடந்தால் தனியாக ஆய்வுக்கு என்று ஒரு நாள் ஒதுக்க வேண்டியதில்லை.

ஆனால் இங்கே ஓர் ஆபத்து உண்டு. அதனைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வண்டல் மண்ணும் சவுடு மண்ணும் எடுத்த ஏரிகளில் பொக்லைன் இயந்திரம் தோண்டிய இடங்கள் செங்குத்தான குழிகளாக நிற்கின்றன. மழைக்குப் பின் ஏரி நிரம்பியதும் குழி தெரிவதில்லை. முழங்கால் அளவுத் தண்ணீரில் நடக்கும் பிள்ளை அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழத்தில் விழுகிறது. தம் காலத்தில் இதே ஏரியில் நீந்திய பெற்றோர், ஏரியின் அடி முன்போலவே சரிவாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். விடுமுறை நாட்களில் ஒரு பிள்ளை விழ, அதைக் காக்கப் போன மற்றொன்றும் சேர்ந்து மாள்வதைச் செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் படிக்கிறோம்.

இதில் பஞ்சாயத்து செய்யத்தக்கவை பெரும் பொருட்செலவு வேண்டாதவை. மண் எடுக்க அனுமதி பெறுவோர் குழியின் ஓரங்களைச் சரிவாக வெட்டிவிட வேண்டும் என்று தொடக்கத்திலேயே வற்புறுத்தலாம். கோடையில் ஏரி வற்றியிருக்கும்போதே குழிகள் உள்ள இடங்களைக் கண்டு, உயரமான கழிகளை நட்டுச் சிவப்புத் துணி கட்டலாம். குளிக்கும் துறையில் நீண்ட மூங்கில் கழி ஒன்றும், கயிறு கட்டிய காலிப் பிளாஸ்டிக் குடம் ஒன்றும் எப்போதும் இருக்கும்படி செய்யலாம். நீரில் தத்தளிப்பவரை நோக்கிக் குதிக்காமல், கரையில் நின்றபடியே கழியை நீட்டுவதும், குடத்தை எறிவதும், சேலையை முறுக்கி வீசுவதும்தான் முறை. வெளியே எடுத்தவரைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றும் பழக்கமும், வயிற்றை அழுத்தும் பழக்கமும் ஊர்ப்புறத்தில் இன்னும் உண்டு. இவை தீங்கானவை. மூச்சு இல்லையெனில் வாயோடு வாய் வைத்து உடனே காற்றூத வேண்டும். மார்பை அழுத்தும் முறையையும் கைவிடாது செய்ய வேண்டும். அதற்குள் மற்றொருவர் 108 எண்ணுக்கு அழைக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தாரைக் கேட்டுக்கொண்டு ஒரு ஞாயிறு மாலையில் இதனை ஊராருக்குச் செய்து காட்டச் சொல்லலாம். அதுவும் ஒரு நல்ல பொழுதுபோக்கே.

ஆவணி, புரட்டாசி மாதங்களில் பனம்பழம் விழும். பிள்ளைகள் கொட்டைகளைப் பொறுக்கி ஏரிக்கரையில் ஊன்றுவது அரை நாள் வேலை, ஆட்டமும் ஆகும். பனை மெதுவாக வளர்வது; பாளை விடப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகலாம். ஆயினும் கரையை இறுகப் பிடிக்க அதனைப் போன்ற மரம் அரிது. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறோம்: நட்டவர்களே தைமாதத்தில் வந்து கிழங்குக்காகத் தோண்டிவிடக் கூடாது. கிழங்குக்கு வேறு இடத்தில் தனியாகப் பாத்தி போட்டுக்கொள்ளலாம்.

ஊர் நூலகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1931ஆம் ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். ஊர் தேடி வந்த அந்த வண்டிக்குப் பின் 1948ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. 2006ஆம் ஆண்டு தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிதோறும் நூலகமும் விளையாட்டுத் திடலும் அமைக்கப்பட்டன. அவற்றுள் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. சிலவற்றில் நூல்களுக்குப் பதிலாகத் தேர்தல் பெட்டிகளும் உடைந்த நாற்காலிகளும் உள்ளன. வீட்டு வரியோடு நூலக வரியையும் செலுத்தியிருக்கும் குடும்பம் அந்தப் பூட்டைக் கண்டு பேசாமல் திரும்புவது நமக்கு வியப்பாகவே இருக்கிறது. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் திறந்து வைக்கப் படித்த இளைஞர் ஒருவரும் சாவியும் போதும்.

விளையாட்டுகளை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. பல்லாங்குழியும் தாயமும் பாட்டிமார் அறிந்தவை. மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் கொண்ட ஆடுபுலி ஆட்டத்துக்குக் கரித்துண்டும் கூழாங்கற்களும் போதும்.

ஆண்டுக்கு ஓரிரு முறையேனும் ஊரை விட்டுச் சற்று வெளியே செல்வதும் வேண்டும். எடுத்துக்காட்டாகச் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டத்தார் ஒரே நாளில் காணத்தக்க இரண்டு இடங்களைக் குறிப்பிடுவோம்.

ஒன்று வேடந்தாங்கல். வடகிழக்குப் பருவமழை நன்கு பெய்து ஏரி நிரம்பினால் கார்த்திகை முதல் மாசி வரை கூழைக்கடாவும், நத்தைகுத்தி நாரையும், அரிவாள் மூக்கனும், நீர்க்காகமும் அங்கே மரந்தோறும் கூடு கட்டி நிற்கும். மழை பொய்த்த ஆண்டில் செல்வது வீண், விசாரித்துக்கொண்டு புறப்படுக. அந்த ஊரின் பெருமை பறவைகளால் மட்டும் வந்ததன்று. பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டு வந்த காலத்தில் ஊரார் கலெக்டரிடம் முறையிட்டனர். 1798ஆம் ஆண்டில் கலெக்டர் லயோனல் பிளேஸ் அவர்களுடைய காப்புரிமையை ஏற்றுக் கவுல் வழங்கினார். உழவர்கள் ஏன் அவ்வளவு அக்கறை கொண்டனர்? பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாக இருந்ததை அவர்கள் கண்கூடாகக் கண்டிருந்தனர். 2022ஆம் ஆண்டில் இவ்வேரி உலகளாவிய ராம்சார் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. அங்கே ஒலிபெருக்கியும் கூச்சலும் வேண்டா என்று பிள்ளைகளுக்கு முன்னரே சொல்லி அழைத்துச் செல்ல வேண்டும்.

மற்றொன்று உத்திரமேரூர். வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன, அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. பஞ்சாயத்து உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் பிள்ளைகளை அந்தச் சுவரின் முன் நிறுத்திக் காட்ட வேண்டும் என்போம். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் இடலாகாது; அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடலாகாது. இந்த விதியைப் பிள்ளைகள் படித்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தால் நாம் பொறுப்பல்ல. அதே வேளையில் உண்மையை மறைத்தலும் தகாது: அது பிராமணர் சபை; நிலமும் வேதக் கல்வியும் உடையோர்க்கே அங்கு இடம். உழுத குடிகளின் ஓலையோ, பெண்களின் ஓலையோ அந்தக் குடத்துள் விழவில்லை. இன்று தமிழ்நாட்டுச் சட்டப்படி ஊராட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு உரியது. ஆதிதிராவிடர்க்கும் பழங்குடியினர்க்கும் தனி ஒதுக்கீடு உண்டு. தாயும் மகளும் அந்தக் கல்வெட்டின்முன் நிற்கும்போது இந்த வேறுபாட்டையும் எடுத்துச் சொல்லுங்கள்.

செலவு பற்றி இரண்டு சொல். வாடகை வேன் அமர்த்துவதற்கு முன், பேருந்து நேரத்தைப் பாருங்கள். 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கப்பட்டபின், அத்தகைய பேருந்து செல்லும் வழிகளில் ஒரு குடும்பத்தின் பயணச் செலவு குறைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சில தடங்களில் வண்டிகள் குறைக்கப்படுவதுண்டு. பால் கறக்கும் வேளைக்குள் திரும்ப வண்டி உண்டா என்பதைப் பணிமனையில் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னரே சோறு கட்டவும்.

நூலகச் சாவி யாரிடம் உள்ளது, ஏரிக் குழிகளுக்குக் கழி நட்டாயிற்றா, துறையில் கயிறும் குடமும் உள்ளனவா என்ற மூன்றையும் அடுத்த கிராம சபையில் கேட்கலாம். 2022ஆம் ஆண்டில் கிராம சபை நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்க்கப்பட்டன. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். ஏரி வற்றத் தொடங்கும் காலம். குழிகளை அளந்து குறிக்க அதுவே ஏற்ற பருவம்.