மிருதங்கம் பழகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

"நாலு வருஷம் ஆச்சு, கை அப்படியே நிக்குது" என்று எழுதியிருந்தாய். கை நிற்கவில்லை, காது முந்திக்கொண்டு போய்விட்டது. ததிதொம்நம் தொடங்கிய காலத்தில் உன் சாப்பு தட்டையாக விழுந்தது உனக்கே தெரியாது. இன்று மேல்காலத்தில் ஒரு சாப்பு மங்கினாலும் முகம் சுளிக்கிறாய். நம் வித்தையில் காது முதலில் தேறும், கை பின்னால் வந்து சேரும். இந்த இடைவெளியில்தான் எத்தனையோ பிள்ளைகள் வாத்தியத்தை உறைக்குள் போட்டு மூலையில் வைத்துவிடுகிறார்கள்.

கைப்பேசியில் பத்து வயதுப் பையன் வாசிக்கும் ஒரு நிமிடக் கோர்வையைப் பார்த்து உன்னை அளக்காதே. (அந்த ஒரு நிமிடத்தை எத்தனை முறை எடுத்தார்களோ!) போன வருஷத்து உன் பதிவைப் போட்டு, கையால் தாளம் போட்டுக்கொண்டு கேள். அப்போது மிஸ்ர நடையை மனசுக்குள் எண்ணி எண்ணி வாசித்தாய், இப்போது எண்ணாமலே வருகிறது. விளம்ப காலக் கீர்த்தனையில் பாடகர் சங்கதி போடும்போது அடக்கி வாசிக்கக் கற்றிருக்கிறாய். அதற்குச் சபையில் கைதட்டல் கிடையாது. உன் கணக்கில் நீயே வரவு வைத்தால்தான் உண்டு. ஆகவே ஒரு நோட்டில் தேதி போட்டு எழுது. "நன்றாக வாசித்தேன்" என்று எழுதினால் பயனில்லை. "அனுபல்லவியில் என் கும்கி பாட்டை அமுக்கவில்லை" என்று எழுது.

தலைக்கனம் வராதா என்பாய். உள்ளபடி எழுதினால் வராது, ஏனென்றால் எந்த வரியிலும் உனக்குக் கைகொடுத்த இன்னொருவர் வந்து நிற்பார். பாலக்காடு மணி ஐயரின் நாதத்தைக் கொண்டாடிய நாம், அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்தின் பெயரைச் சொல்லவில்லை. பாடகர் டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகம் 2020-இல் வந்த பிறகுதான் பலருக்கு அது தெரிந்தது. பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடக்கைக்காரர். அவர் வாசித்தால் வயலின்காரர் இடம் மாறி உட்கார வேண்டும். சிலர் அதற்கு இசையாத காலத்தில், பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் வயலினை மறுபக்கம் உட்காரவைத்து அவருக்கு வாய்ப்புக் கொடுத்தார். அவ்வளவு பெரிய கைக்கே ஒருவர் இடம் பண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தது.

கச்சேரி கெடும் நாளும் வரும். மேடை விளக்குச் சூட்டில் சுருதி ஏறும், பதற்றத்தில் தனி ஆவர்த்தனம் தடுமாறும். வீடு திரும்பும்போது "எனக்கு இது வராது" என்று தோன்றும். அன்று நான் ஆறுதல் சொன்னால் நம்பமாட்டாய். நோட்டைப் பிரி. கெட்டது ஒரு சாயங்காலம்தான் என்று உன் கையெழுத்திலேயே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது பழைய பதிவைக் கொண்டு வா, சேர்ந்து கேட்போம். மூட்டு மாற்ற வேண்டும் என்றாயே, வாத்தியத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதே. பட்டறையிலேயே உட்கார்ந்து, மிருதங்கம் செய்பவர் கறுப்புச் சாதத்தைப் பூசிப் பூசிக் கல்லால் தேய்ப்பதை முழுக்கப் பார்த்துவிட்டு வா.

அன்புடன்,
உன் வாத்தியார்