பித்தப்பைச் சத்திரசிகிச்சை: பயத்தை விட்டு விஷயத்தை அறிவோம்

சுகாதாரப் பாடம்



"வயித்தை வெட்டணும்னு சொல்லிட்டாங்க" என்ற ஒரு சொல் போதும், லயமே கலங்கிப்போகும். ஒருவர் சாமிக்கு நேர்த்தி வைப்பார், ஒருவர் நாட்டு மருந்து தேடுவார், இன்னொருவர் "ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதே" என்பார். இந்தக் கலக்கத்தில் நாட்கள் ஓடிவிடும், நோயும் முற்றிவிடும். பித்தப்பையை அகற்றுவது இன்று உலகெங்கும் அன்றாடம் நடக்கும் ஒரு சத்திரசிகிச்சை. அது ஏன் தேவைப்படுகிறது, எப்படி நடக்கிறது, அதன்பின் எப்படி உடம்பைத் தேற்றிக்கொள்வது என்பதை இந்தப் பாடத்தில் படிப்போம். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் வாசித்துக் காட்டவும்.

பித்தப்பை என்றால் என்ன?

வலது பக்க விலா எலும்புக்குக் கீழே ஈரல் இருக்கிறது. அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு பைதான் பித்தப்பை. ஈரல் ஒரு நாளைக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. நாம் சாப்பிடும் கொழுப்பையும் எண்ணெயையும் செரிக்க வைப்பது இந்த நீர்தான். சாப்பாடு இல்லாத நேரத்தில் பித்தநீரின் ஒரு பகுதி இந்தப் பைக்குள் சேர்ந்து கெட்டியாகிறது. எண்ணெய்ச் சாப்பாடு வயிற்றுக்குள் போனதும் பை சுருங்கி, ஒரு குழாய் வழியாக அந்த நீரைக் குடலுக்கு அனுப்புகிறது.

பித்தநீரில் உள்ள கொலஸ்ட்ரோல் போன்ற பொருட்கள் அளவுக்கு மிஞ்சினால் அவை உறைந்து கல்லாகின்றன. மணல் போலவும் இருக்கும், புளியங்கொட்டை அளவிலும் இருக்கும். ஆண்களை விடப் பெண்களுக்கே இது அதிகம். பல பிள்ளை பெற்றவர்கள், 40 வயதைத் தாண்டியவர்கள், உடல் பருத்தவர்கள், சலரோகம் என்னும் நீரிழிவு உள்ளவர்கள், பட்டினி கிடந்து வேகமாக மெலிந்தவர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஒல்லியான ஆளுக்கு வராது என்றும் நினைக்க வேண்டாம்.

"கேஸ்டிக்தான்" என்று விட்டுவிடாதீர்கள்

நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கொழும்பில் வேலை செய்கிறார்கள். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கடைகளில் நிற்கிறார்கள், ஹெவ்லொக் டவுன் பக்கத்தில் வீட்டு வேலை பார்க்கிறார்கள். அப்படி ஒரு வீட்டில் தங்கி வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். இரவு பொரித்த சோறு சாப்பிட்டுப் படுக்கிறாள். நடுச்சாமத்தில் நெஞ்சுக்குழியில் கத்தி வைத்தது போல் வலி. வலது விலாவுக்குக் கீழே இறுக்கிப் பிடிக்கிறது, முதுகுக்கும் வலது தோளுக்கும் ஏறுகிறது, வாந்தியும் வருகிறது. இரண்டு மூன்று மணி நேரத்தில் தானாகவே விட்டுப்போகிறது. காலையில் வீட்டம்மாவிடம் சொல்ல வெட்கம். வேலை போய்விடுமோ என்ற பயம் வேறு. "கேஸ்டிக்" என்று தானே முடிவு செய்து பாமசியில் குளுசை வாங்கிப் போடுகிறாள். அடுத்த மாதமும் அதே வலி வருகிறது.

இதுதான் பித்தப்பைக் கல் வலியின் குணம். எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பின், அதிகமும் இரவில் வரும். அரை மணி நேரத்திலிருந்து சில மணி நேரம் வரை நின்று பிடிக்கும். பிறகு ஒன்றும் நடக்காதது போல் போய்விடும். அதனால்தான் பலர் ஏமாந்து விடுகிறார்கள்.

அவள் போக வேண்டிய இடம் தூரத்தில் இல்லை. ஹெவ்லொக் டவுனுக்குத் தெற்கே களுபோவிலவில் கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை இருக்கிறது. வடக்கே 1864இல் தொடங்கப்பட்ட கொழும்புப் பெரியாஸ்பத்திரி, இன்றைய தேசிய வைத்தியசாலை, இருக்கிறது. இரண்டும் அரசாங்க வைத்தியசாலைகள். மருந்துக்கோ சத்திரசிகிச்சைக்கோ கட்டணம் கிடையாது. மலையகத்தில் இருப்பவர்கள் முதலில் தோட்ட டிஸ்பென்சரியில் காட்டி, கடிதம் பெற்று, கண்டி, நுவரெலியா, பதுளை போன்ற பெரிய வைத்தியசாலைகளுக்குப் போகலாம். இந்திய உதவியுடன் கட்டப்பட்டு 2017 மே மாதம் திறந்து வைக்கப்பட்ட டிக்கோயா வைத்தியசாலையும் நம் மக்களுக்கு அருகில் இருப்பதே.

வயிற்றை ஸ்கேன் பண்ணினால் பித்தப்பைக் கல் தெரிந்துவிடும். அதில் ஊசியும் இல்லை, வலியும் இல்லை. ஆறு முதல் எட்டு மணி நேரம் சாப்பிடாமல் போக வேண்டும். சாப்பிட்டுப் போனால் பை சுருங்கிவிடும், கல் சரியாகத் தெரியாது. இதை மறந்து தேநீரும் ரொட்டியும் சாப்பிட்டுப் போய், அன்றைய நாள் வீணாகித் திரும்புவோர் பலர்.

ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

1. வலியுடன் காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வருவது.
2. கண்ணும் தோலும் மஞ்சளாவது, சிறுநீர் கடும் சாயம் போல் போவது, மலம் வெளுப்பது.
3. ஐந்தாறு மணி நேரம் தாண்டியும் வலி விடாமல் இருப்பது.
4. வயிறு முழுவதும் கடுமையான வலி, நிற்காத வாந்தி.

கல் பையின் வாயை அடைத்தால் பை அழற்சியுற்றுச் சீழ் பிடிக்கலாம். கல் நழுவிப் பித்தக்குழாயில் சிக்கினால் மஞ்சக்காமாலை வரும். கணையத்தையும் தாக்கினால் உயிருக்கே ஆபத்து. மஞ்சக்காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து வீட்டில் வைத்திருக்கக் கூடாது. குழாயில் கிடக்கும் கல்லை எந்தப் பச்சிலையும் எடுக்காது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வரும். தோட்ட லொறிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கல் இருந்தால் வெட்டத்தான் வேண்டுமா?

இல்லை. வேறு எதற்கோ ஸ்கேன் பண்ணும்போது கல் தெரிகிறது, ஆனால் ஒரு நாளும் வலித்ததில்லை என்றால், பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். வலி கொடுக்கத் தொடங்கிய கல் மறுபடியும் வலி கொடுக்கும். அப்போதுதான் பையை எடுக்கச் சொல்வார்கள். கல்லை மட்டும் எடுத்தால் பைக்குள் மீண்டும் கல் உண்டாகும். ஆகவே பையையே எடுக்கிறார்கள்.

வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கரையும், தண்ணீர் நிறையக் குடித்தால் போய்விடும் என்பார்கள். அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லும் பேச்சு. இது வேறு உறுப்பு, வேறு கல்.

தோட்ட டிஸ்பென்சரிகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று:

"டொக்டர் ஐயா, பையையே எடுத்துட்டா பித்தம் எங்க போகும்? எனக்குச் சாப்பாடு செமிக்குமா?"

"பித்தத்தைச் செய்றது ஈரல் அம்மா, பை இல்ல. பை தண்ணி சேர்த்து வைக்கிற தாங்கி மாதிரி. தாங்கி இல்லாட்டியும் பீலித் தண்ணி ஓடிக்கிட்டேதான் இருக்கும். அதுபோல பித்தம் நேரா குடலுக்குப் போகும்."

பிள்ளை பெறுவதற்கும், உழைப்பதற்கும், ஆயுளுக்கும் இதனால் குறைவில்லை.

இரண்டு முறைகள்

பித்தப்பையை முதன்முதலில் வெற்றிகரமாக அகற்றியவர் கார்ல் லாங்கன்பூக் என்ற ஜெர்மன் வைத்தியர். 1882 ஜூலை 15ஆம் திகதி பெர்லின் நகரில் அதைச் செய்தார். ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலைத் தோட்டம் போட்டு அப்போது 15 வருடம்தான் ஆகியிருந்தது. அதன்பின் நூறு வருடங்களுக்கு வலது விலாவுக்குக் கீழே நீளமாக வெட்டும் முறையே இருந்தது. 1985 செப்டம்பரில் எரிக் மூஹே என்ற இன்னொரு ஜெர்மன் வைத்தியர் சிறு துளைகள் வழியாகவே பையை எடுத்துக் காட்டினார்.

இந்தத் துளை முறையில் தொப்புளருகேயும் மேல் வயிற்றிலும் பொதுவாக நான்கு சிறு துளைகள் போடுவார்கள். வயிற்றுக்குள் காபனீரொட்சைட்டு வாயுவைச் செலுத்தி உப்பச் செய்து, சிறு கெமராவை விட்டுத் திரையில் பார்த்துக்கொண்டே பையைப் பிரித்து எடுப்பார்கள். ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மணி நேர வேலை. அநேகமாக அடுத்த நாளே வீட்டுக்கு விடுவார்கள்.

உள்ளே அழற்சி மிகுந்து ஒட்டிப்போயிருந்தால், தொடங்கிய பின்னும் வைத்தியர் பெரிய வெட்டுக்கு மாறலாம். "ஓட்டை போடுறதாச் சொல்லி வெட்டிட்டாங்களே" என்று கோபிக்க வேண்டாம். பித்தக்குழாய்க்குச் சேதம் வராமல் உயிரைக் காக்க எடுக்கும் முடிவு அது. அப்படியானால் நான்கைந்து நாள் வாட்டில் இருக்க நேரும்.

வாட்டுக்குப் போகுமுன்

* குடிக்கும் எல்லா மருந்தையும், கிளினிக் கொப்பியையும் கொண்டு போங்கள். பிரஷர், சலரோகம், இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கும் குளுசை பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். எந்த மருந்தும் ஊசியும் ஒத்துக்கொள்ளாது என்பதையும் சொல்ல வேண்டும்.
* வெற்றிலை புகையிலை, பீடி, சாராயம் ஆகியவற்றை எவ்வளவு சீக்கிரம் நிறுத்த முடியுமோ அவ்வளவு நல்லது. பீடி குடிப்பவருக்கு மயக்க மருந்தின் பின் நெஞ்சில் சளி கட்டும்.
* சொன்ன நேரத்துக்குப் பின் சாப்பாடு கூடாது. வெறும் வயிறாக இல்லாவிட்டால் மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகும்.
* தாலிக்கொடி, தோடு, வளையலைக் கழற்றி வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள்.
* சம்மதப் பத்திரத்தில் விளங்காமல் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. "தமிழில் சொல்லித் தாருங்கள்" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல, நமது உரிமை. சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போவதும் உதவும்.

சத்திரசிகிச்சைக்குப் பின்

கண் விழிக்கும்போது தொண்டை நோகும், குமட்டும். வலது தோளில் வலி இருந்தால் பயப்பட வேண்டாம். வயிற்றில் விட்ட வாயுவின் எச்சம் அது. இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

தாதி எழுந்து நடக்கச் சொன்னால் நடக்க வேண்டும். படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையலாம். எழும்பும்போது நேராக எழும்பாமல் ஒருக்களித்து, கையை ஊன்றி எழும்புங்கள். இருமும்போது தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்தால் நோவு குறையும்.

டிக்கட் வெட்டும்போது கொடுக்கும் டயக்னோசிஸ் காட் தங்கத்துக்குச் சமம். அடுத்த முறை எந்த வைத்தியரிடம் போனாலும் அதைத்தான் கேட்பார். தையல் வெட்டும் நாள், கிளினிக் நாள் இரண்டையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்த பையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் அந்த அறிக்கையைக் கிளினிக்கில் மறவாமல் கேளுங்கள்.

வீட்டில், காயத்தில் மஞ்சளோ எண்ணெயோ சாம்பலோ பூச வேண்டாம். சொன்னபடி சுத்தமாகவும் உலர்ந்தும் வைத்தால் போதும். காய்ச்சல், காயத்தில் சீழ், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, கண் மஞ்சளாவது, ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, மூச்சு வாங்குவது ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குத் திரும்ப வேண்டும். கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

என்ன சாப்பிடலாம்?

முதல் சில நாள் கஞ்சி, குழைந்த சோறு, பருப்பு, அவித்த மரக்கறி, மீன் சொதி என்று கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை சாப்பிடுங்கள். பொரியலையும் கட்டித் தேங்காய்ப்பால் கறியையும் சில வாரம் குறையுங்கள். எண்ணெய் கூடினால் சிலருக்கு வயிற்றோட்டம் வரும், அது பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகும். பிறகு வழக்கமான சாப்பாட்டுக்கே திரும்பலாம், ஆயுளுக்கும் பத்தியம் இல்லை. பால் போடாத சாயத் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். மலம் இறுகி முக்கினால் காயம் இழுபடும். ஆகவே பழம், கீரை, தண்ணீர் அவசியம்.

மலைக்குத் திரும்புவது எப்போது?

இதுதான் நம் மக்களுக்குப் பெரிய கேள்வி. பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை. கடையில் பற்று ஏறும். அதனால் காயம் வெளியே ஆறியதும் கூடையைத் தூக்கிக்கொண்டு பிரட்டுக்குப் போய்விடுகிறோம். ஆனால் தோல் ஆறும் வேகத்தில் உள்ளே தசை ஆறுவதில்லை. பத்து, பதினைந்து கிலோ கொழுந்தைச் சுமந்து மேடு ஏறினால் வெட்டிய இடம் விலகி, குடல் பிதுங்கும் குடலிறக்கம் வரலாம். அதற்கு இன்னொரு சத்திரசிகிச்சை வேண்டும். ஒரு மாதப் பேரை மிச்சம் பிடிக்கப் போய் மூன்று மாதப் பேரை இழப்போம்.

பொதுக் கணக்கு இது: துளை முறை என்றால் ஒன்று, இரண்டு வாரத்தில் இலேசான வேலை, நான்கு முதல் ஆறு வாரம் வரை பாரம் தூக்கக் கூடாது. பெரிய வெட்டு என்றால் ஆறு முதல் எட்டு வாரம். உங்கள் வைத்தியர் சொல்வதே முடிவு. பாரம் என்பது கூடை மட்டுமல்ல. பீலியிலிருந்து தண்ணீர் வாளி, விறகுக் கட்டு, இடுப்பில் ஏற்றும் பிள்ளை எல்லாம் பாரமே.

வைத்தியச் சான்றிதழில் "பாரமான வேலை கூடாது" என்று எத்தனை வாரத்துக்கு என்பதை எழுதித் தரும்படி கேளுங்கள். அதன் பிரதியைத் தோட்ட அலுவலகத்திலும் டிஸ்பென்சரியிலும் கொடுத்து, நலன்புரி உத்தியோகத்தரிடமும் சொல்லுங்கள். வாயால் சொன்னதைக் கங்காணி மறக்கலாம், எழுத்து மறக்காது. வீட்டில் ஆண்களும் வளர்ந்த பிள்ளைகளும் தண்ணீர், விறகு, துணி துவைப்பு ஆகியவற்றை இந்த ஆறு வாரமும் பொறுப்பேற்க வேண்டும். அம்மாவுக்கு நாம் செய்யும் மருத்துவம் அதுதான்.

கேள்விகள்: வீட்டில் கூடிப் பேசுங்கள்

1. பித்தப்பைக் கல் வலிக்கும் சாதாரண வயிற்றெரிச்சலுக்கும் உள்ள வேறுபாடு என்ன?
2. எந்த அறிகுறி கண்டால் உடனே 1990க்கு அழைக்க வேண்டும்?
3. ஸ்கேன் எடுக்க ஏன் வெறும் வயிற்றோடு போக வேண்டும்?
4. நம் வீட்டில் ஒருவருக்குச் சத்திரசிகிச்சை நடந்தால், தண்ணீரும் விறகும் யார் கொண்டு வருவது?

கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு அடுத்த முறை போன் எடுக்கும்போது "சாப்பிட்டியா" என்று கேட்பதோடு, "ராவுல வயித்து வலி ஏதும் வருதா" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.