பாதியில் விடாத ஆட்டம்

2006ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். டில்லியில் நல்ல குளிர். பெரோஸ் ஷா கோட்லா மைதானத்தில் ரஞ்சிக் கோப்பைக் கிரிக்கெட் போட்டி நடந்தது. டில்லி அணியும் கர்நாடக அணியும் ஆடின. அது நான்கு நாள் ஆட்டம்.

கர்நாடகம் முதலில் ஆடி 446 ரன் எடுத்தது. அடுத்து டில்லி ஆட வந்தது. இரண்டாம் நாள் மாலை டில்லியின் ரன் 103 தான். அதற்குள் ஐந்து பேர் ஆட்டம் இழந்து விட்டார்கள். ஆட்டம் இழக்காமல் நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் புனித் பிஷ்ட். மற்றவர் விராட் கோலி. கோலிக்கு அப்போது வயது 18. அவர் 40 ரன் எடுத்திருந்தார். மறுநாள் அவர் ஆட்டத்தைத் தொடர வேண்டும்.

அன்று இரவு கோலி வீட்டுக்குப் போனார். வீட்டில் அவருடைய அப்பா பிரேம் கோலி நோயாகப் படுத்திருந்தார். பக்கவாதம் வந்து ஒரு மாத காலமாகப் படுக்கையில் இருந்தார். பொழுது விடியும் முன்பே அவர் உயிர் பிரிந்தது.

அப்பா தந்த பாடம்

பிரேம் கோலி ஒரு வக்கீல். மகனுக்குக் கிரிக்கெட்டில் ஆசை இருப்பதைக் கண்டார். 1998இல் அவனைப் பயிற்சிப் பள்ளியில் சேர்த்தார். அப்போது மகனுக்கு வயது 9. ராஜ்குமார் சர்மா என்பவர் அங்கே பயிற்சியாளர்.

ஒரு சமயம் மகனை அணியில் சேர்க்கக் குறுக்கு வழியில் பணம் கேட்டார்கள். அப்பா மறுத்து விட்டார். திறமை இருந்தால் இடம் கிடைக்கட்டும், இல்லாவிட்டால் வேண்டாம் என்றார். அன்று கோலிக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் அழுதார். ஆனால் அந்தப் பாடம் அவர் மனதில் நின்றது. இதைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

போவதா? நிற்பதா?

அப்பா இறந்த அன்று காலை. வீட்டில் அப்பாவின் உடல். மைதானத்தில் பாதியில் நிற்கும் ஆட்டம். 18 வயதுப் பிள்ளை என்ன செய்வார்?

கோலி தம் பயிற்சியாளருக்குத் தொலைபேசியில் பேசினார். ஆடப் போக விரும்புவதாகச் சொன்னார். ஆட்டத்தைப் பாதியில் விடுவது பாவம் என்று அவருக்குப் பட்டது. வீட்டாரும் தடுக்கவில்லை. அவர் மைதானத்துக்கு வந்தார். விஷயம் தெரிந்து மற்ற ஆட்டக்காரர்கள் திகைத்தார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னார்கள். கோலி போகவில்லை. மட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

நான்கு நாள் ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. முதல் ஆட்டத்தில் ஓர் அணி 150 ரன்னோ அதற்கு மேலோ பின்தங்கலாம். அப்போது எதிர் அணி விரும்பினால், பின்தங்கிய அணி உடனே மறுபடியும் ஆட வேண்டும். இதற்குப் 'பாலோ ஆன்' என்று பெயர். பாலோ ஆன் வந்தால் தோல்வி பக்கத்தில் வந்துவிடும். டில்லிக்கு அந்த ஆபத்து இருந்தது.

கோலியும் பிஷ்டும் பொறுமையாக ஆடினார்கள். கோலி 90 ரன் எடுத்து ஆட்டம் இழந்தார். அதற்கு அவர் சந்தித்த பந்துகள் 238. பிஷ்ட் 156 ரன் எடுத்தார். டில்லி பாலோ ஆன் ஆபத்திலிருந்து தப்பியது.

கோலி மைதானத்திலிருந்து நேரே அப்பாவின் இறுதிச் சடங்குக்குப் போனார்.

இன்னொரு மகன்

இதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பு இன்னொரு வீட்டிலும் இப்படி நடந்தது. 1999 மே மாதம். இங்கிலாந்தில் உலகக் கோப்பைப் போட்டி. சச்சின் டெண்டுல்கர் அங்கே ஆடிக்கொண்டிருந்தார். மும்பையில் அவர் அப்பா ரமேஷ் டெண்டுல்கர் இறந்து போனார்.

சச்சின் ஆட்டத்தை விட்டு வீட்டுக்கு வந்தார். அப்பாவை வழியனுப்பினார். அம்மாவின் பக்கத்தில் இருந்தார். அவர் இல்லாத ஆட்டத்தில் இந்தியா ஜிம்பாப்வேயிடம் 3 ரன்னில் தோற்றது. பிறகு அவர் திரும்பிப் போனார். மே 23 அன்று கென்யாவுக்கு எதிராக 140 ரன் எடுத்தார். நூறு ரன் ஆனதும் வானத்தைப் பார்த்தார். அந்த நூறு அப்பாவுக்கு.

ஒரு மகன் ஆட்டத்தை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார். இன்னொரு மகன் வீட்டுக்குப் போய்விட்டு ஆட்டத்துக்கு வந்தார். இதில் யார் பாசம் பெரிது? அளக்க முடியாது. இருவரும் அப்பாவை நேசித்தவர்களே.

நம் ஊரில்

நம் ஊரில் கணவனை இழந்த பெண் ஒரு மாதத்துக்குள் நடவு வேலைக்குப் போகிறாள். 'துக்கம் கூட ஆறவில்லை, அதற்குள் கிளம்பி விட்டாளே' என்று நாலு பேர் பேசுகிறார்கள். அவள் வீட்டு அடுப்பு எரிய வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும். அவள் துக்கம் அவள் நெஞ்சுக்குள் இருக்கிறது. அது ஊருக்குத் தெரிவதில்லை.

இன்னொருவர் பல மாதம் ஆகியும் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார். அவரை 'கோழை' என்கிறார்கள். அதுவும் தவறு. காயம் ஆற ஒவ்வொருவருக்கும் ஒரு காலம் ஆகும்.

அழுவதும் வேண்டும்

வேலையில் மூழ்கினால் மட்டும் மனம் ஆறிவிடாது. கோலி 2008இல் 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணிக்குத் தலைவர். 2011இல் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அப்படிப்பட்டவருக்கும் மனம் சோர்ந்தது. 2022இல் அவர் ஒரு மாதம் மட்டையைத் தொடவே இல்லை. மனம் தளர்ந்திருந்ததை வெளிப்படையாகச் சொன்னார். பலம் இருப்பது போல நடித்துக்கொண்டிருந்ததையும் ஒப்புக்கொண்டார். ஓய்வு எடுத்துத் திரும்பினார். அந்தச் செப்டம்பரில் துபாயில் மறுபடி நூறு ரன் அடித்தார். அதற்கு முந்தைய நூறு 2019இல் அடித்தது.

துக்க வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டார் சோறு கொண்டு வருவார்கள். இது நம் பழக்கம். சோற்றோடு காது கொடுத்துக் கேட்பதும் வேண்டும். அன்று மைதானத்தில் கோலி தனியாக நிற்கவில்லை. எதிர் முனையில் பிஷ்ட் நின்றார். துக்கத்தில் இருப்பவருக்கும் எதிர் முனையில் ஒருவர் வேண்டும்.

கோட்லா மைதானத்துக்கு 2019இல் அருண் ஜேட்லி மைதானம் என்று பெயர் மாற்றினார்கள். அதே ஆண்டு அங்கே பார்வையாளர் அமரும் ஒரு பகுதிக்கு விராட் கோலி பெயரை வைத்தார்கள். அப்பா இறந்த அன்று பிள்ளை மட்டை பிடித்து நின்ற அதே மைதானம் அது.

தெரிந்துகொள்வோம்

ரஞ்சிக் கோப்பை – இந்திய மாநில அணிகள் ஆடும் கிரிக்கெட் போட்டி. 1934இல் தொடங்கியது.
பக்கவாதம் – மூளைக்குப் போகும் ரத்தம் தடைப்படுவதால், அல்லது மூளையில் ரத்தம் கசிவதால் வரும் நோய். முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கலந்து பேசுங்கள்

1. கோலி ஏன் ஆடப் போனார்? சச்சின் ஏன் வீட்டுக்கு வந்தார்?
2. குறுக்கு வழியை மறுத்த அப்பா மகனுக்கு விட்டுச் சென்ற சொத்து எது?
3. உங்கள் தெருவில் ஒரு வீட்டில் துக்கம் நடந்தால், பத்து நாளுக்குப் பிறகும் அந்த வீட்டாருக்கு நீங்கள் என்ன உதவி செய்யலாம்?
4. உங்களை விட்டுப் பிரிந்த ஒருவர் சொல்லித் தந்த நல்ல பழக்கம் எது? அதைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள்.