துளி தவறாத பம்பு

குழாயைத் திறந்ததும் வரும் நீரை நாம் யோசிக்காமல் குடிக்கிறோம். அந்த நீரில் கிருமிகளைக் கொல்லும் குளோரின் சேர்மமும் பற்சொத்தையைக் குறைக்கும் ஃபுளோரைடும் மிகச் சிறிய அளவில் கலந்துள்ளன. சிங்கப்பூரில் பல ஆண்டுகளாகவே குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கப்பட்டு வருகிறது. இத்தகைய பொருள்கள் அளவில் குறைந்தால் பயன் இல்லை. அளவு மிஞ்சினால் தீங்கு.

அந்த அளவு எவ்வளவு சிறியது? ஒரு சுத்திகரிப்பு ஆலை மணிக்கு 12 மில்லியன் லிட்டர் நீரை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு லிட்டருக்கும் 1 மில்லிகிராம் குளோரின் சேர்க்க வேண்டும் என்றால், மணிக்கு 12 கிலோகிராம் தேவைப்படும். ஒரு லிட்டரில் 100 கிராம் குளோரின் அடங்கிய கரைசலைப் பயன்படுத்தினால், மணிக்கு 120 லிட்டர் கரைசலே போதும். அதாவது, 100,000 லிட்டர் நீருக்கு ஒரே ஒரு லிட்டர்! இவ்வளவு சிறிய அளவை இரவும் பகலும் மாறாமல் செலுத்தும் கருவியே அளவுப் பம்பு.

நீரை மாடிக்கு ஏற்றும் சாதாரணப் பம்பை இதற்குப் பயன்படுத்தலாமே என்று கேட்கலாம். அப்பம்பில் ஒரு சக்கரம் வேகமாகச் சுழன்று நீரைத் தள்ளுகிறது. எதிர்ப்பக்கக் குழாயில் அழுத்தம் கூடினால் அது தள்ளும் நீரின் அளவு குறைந்துவிடும். அழுத்தம் மாறும்போதெல்லாம் மருந்தின் அளவும் மாறினால் என்ன ஆகும்?

அளவுப் பம்பின் தத்துவம் நமக்கு மிகவும் பழக்கமானது. கைகழுவும் திரவச் சோப்புப் புட்டியின் தலையை அமுக்கிப் பாருங்கள். மெதுவாக அமுக்கினாலும் வேகமாக அமுக்கினாலும், முழுவதும் அமுக்கினால் ஒரே அளவு சோப்புதான் வரும். புட்டியின் கழுத்துக்குள் இருக்கும் சிறிய அறை ஒவ்வொரு முறையும் நிரம்பிக் காலியாகிறது. தொழிற்சாலைப் பம்பும் இதையே செய்கிறது. அமுக்குவது மட்டும் நம் விரல் அன்று, மின்விசைப்பொறி.

மின்விசைப்பொறியின் சுழற்சியைப் பற்சக்கரங்கள் மெதுவாக்குகின்றன. பிறகு அச்சுழற்சி முன்னும் பின்னுமான அசைவாக மாற்றப்படுகிறது. அந்த அசைவைப் பெறுவது ஒரு வட்டமான சவ்வு. கரைசல் அரித்துவிடாதபடி அதன் முகத்தில் டெஃப்லான் பூசப்பட்டிருக்கும். சவ்வுக்கு முன்னால் சிறிய அறை உள்ளது. அறையின் கீழே ஒரு வால்வும் மேலே ஒரு வால்வும் இருக்கின்றன. ஒவ்வொரு வால்விலும் ஒரு சிறு குண்டு தன் இருக்கையில் அமர்ந்திருக்கும். சவ்வு பின்னே செல்லும்போது அறையில் அழுத்தம் குறைகிறது. கீழ்க்குண்டு எழும்பி, கரைசல் உள்ளே வருகிறது. மேற்குண்டு வழியை அடைத்துக்கொள்கிறது. சவ்வு முன்னே வரும்போது கீழ்க்குண்டு அடைத்துக்கொள்ள, மேற்குண்டு எழும்பி, கரைசல் வெளியேறுகிறது. நம் இதயத்தின் வால்வுகளும் இதே ஒருவழிப் பாதை வேலையைத்தான் செய்கின்றன.

சவ்வு ஒரு முறை முன்னே வருவதை ஒரு வீச்சு என்போம். ஒரு வீச்சில் 20 மில்லிலிட்டர் வெளியேறி, நிமிடத்திற்கு 100 வீச்சுகள் நடந்தால், நிமிடத்திற்கு 2 லிட்டர். மணிக்கு 120 லிட்டர்! அளவை மாற்ற வேண்டுமானால் வீச்சின் நீளத்தை ஒரு குமிழைத் திருகி மாற்றலாம். வீச்சுகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம் அல்லது குறைக்கலாம்.

ஆனால், இந்தக் கணக்கு பொய்த்துப்போகும் நேரங்களும் உண்டு. சோப்பு தீரும் நிலையில் புட்டி ‘புஸ்’ என்று காற்றைத்தானே துப்புகிறது? அறைக்குள் காற்றுக்குமிழ் புகுந்தால் சவ்வு அதை நசுக்குமே தவிர, கரைசலைத் தள்ளாது. குளோரின் கரைசல் தானாகவே வாயுக்குமிழ்களை வெளிவிடும் இயல்புடையது. ஆகவே, பம்பு ஓடும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும், மருந்தோ போகாது. வால்வுக் குண்டின் இருக்கையில் ஒரு சிறு தூசு சிக்கினாலும் அளவு குறைந்துவிடும்.

இதைவிட அச்சம் தருவது அளவு மிஞ்சுவதுதான். 1992-ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் உள்ள ஹூப்பர் பே என்னும் சிற்றூரில் இது நிகழ்ந்தது. அவ்வூரின் நீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை உயர்ந்தது. உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் உச்ச அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் மட்டுமே. ஏறத்தாழ 300 பேர் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். செறிந்த கரைசல் கிணற்றுக்குள்ளேயே புகும்படி அமைப்பு இருந்ததையும், கட்டுப்பாட்டுக் கருவி நம்பத்தக்கதாக இல்லாததையும் விசாரணை வெளிப்படுத்தியது. அளவு உயர்ந்ததை உரிய நேரத்தில் கவனித்துச் செயல்படாததும் ஒரு காரணமாகும்.

பம்பு நின்ற பிறகும் கரைசல் தானாக வழிந்தோட முடியும். தொட்டி உயரத்திலும் குழாய் தாழ்விலும் இருந்தால் இரு குண்டுகளும் எழும்பி வழிவிட்டுவிடும். இதைத் தடுக்க, சுருள்வில்லால் இறுக்கப்பட்ட கூடுதல் வால்வு ஒன்று வெளியேறும் குழாயில் பொருத்தப்படுகிறது. குழாய் அடைபட்டு அழுத்தம் ஏறினால் கரைசலைத் திருப்பிவிட மற்றொரு வால்வும் உண்டு.

இத்தனை இருந்தும், பம்பின் முகப்பில் தெரியும் எண்ணைப் பணியாளர்கள் அப்படியே நம்பிவிடுவதில்லை. பம்பின் உறிஞ்சுகுழாயோடு, அளவுக் கோடுகள் போட்ட ஒரு கண்ணாடிக்குழாய் இணைக்கப்பட்டிருக்கும். தொட்டியின் வழியை மூடிவிட்டுப் பம்பை அந்தக் குழாயிலிருந்து உறிஞ்ச விடுவார்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் இறங்குகிறது என்று கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். 2,000-க்குப் பதிலாக 1,900 இறங்கினால், அன்றைக்கே அந்தப் பம்பின் வால்வுகள் கழற்றப்படும்.