ஆய்வுக்குப் போகிறவர் மனசு ஆரோக்கியமா?

'உங்களுக்கென்ன சார், ஜீப்புல ஜம்முனு போறீங்க... கடைக்காரங்க எழுந்து நின்னு வணக்கம் சொல்றாங்க!'

உணவுப் பாதுகாப்பு அலுவலர்களைப் பார்த்து ஊர் இப்படித்தான் சொல்கிறது. (2011 ஆகஸ்ட்டில் புதுச் சட்டம் அமலுக்கு வரும்வரை இவர்களுக்கு 'உணவு ஆய்வாளர்' என்று பெயர்.) அவர் வீட்டுக்காரம்மாவைக் கேளுங்கள்... 'வந்ததும் எரிஞ்சு விழறார். ராத்திரி தூக்கமே இல்லை' என்பார்.

ஏன் இப்படி?

கடையில் நுழைந்தாலே முகச்சுளிப்பு. மாதிரி எடுத்து, நான்கு பாகமாக்கி சீல் வைப்பதற்குள் போனில் சிபாரிசு. ஆய்வக அறிக்கைக்குச் சட்டம் தரும் அவகாசம் 14 நாள். அப்புறம் கேஸ்! வேலையோ மலைபோல, முடிவோ தன் கையில் இல்லை. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் மனசு அதிகம் நொந்துபோகும் என்று ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979-லேயே எழுதினார்.

எதிர்ப்பைக் கண்டதும் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஆனால் முகம் மாறாமல் நோட்டீஸ் எழுத வேண்டும்! தினமும் இதே கதை என்றால் தலைவலி, வயிற்று எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரத்தானே செய்யும்?

என்ன செய்யலாம்?

* முறைப்படி மாதிரி எடுத்தோமா, சாட்சிக் கையெழுத்து வாங்கினோமா? அதோடு உங்கள் பொறுப்பு முடிந்தது. தீர்ப்பையும் சேர்த்துச் சுமக்காதீர்கள்.

* தகராறா? அன்றே தேதி, நேரத்தோடு எழுதி மேலதிகாரிக்கு அனுப்பிவிடுங்கள். வம்பு வரும் என்று தெரிந்த இடத்துக்குத் தனியாகப் போகாதீர்கள்.

* அடுத்த கடைக்குமுன் இரண்டு நிமிடம் நில்லுங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். படபடப்பு தணியும்.

* ஆய்வு செய்யும் ஓட்டலில் கை நனைக்க முடியாது. அதற்காக டீயிலேயே நாளை ஓட்டலாமா? வீட்டுச் சாப்பாடும் தண்ணீரும் கூடவே வரட்டும்.

* 'கொஞ்சம் போட்டா தூக்கம் வரும்' என்பது ஏமாற்று. மது முதலில் தூங்க வைக்கும், நடுராத்திரியில் எழுப்பிவிடும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

வந்ததும் வராததுமாக ஸ்கூல் ஃபீஸ் பேச்சு வேண்டாமே! அரை மணி கழித்து, 'இன்னிக்கு என்ன ஆச்சு?' என்று கேளுங்கள். யோசனை சொல்லாமல், காது கொடுத்தால் போதும்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டுக் கிடந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 'செத்துடலாம் போலிருக்கு' என்று ஒரு தடவை சொன்னாலும் அலட்சியம் கூடாது. அவரைத் தனியாக விடாதீர்கள். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416. இரவு, பகல் எப்போதும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே. காய்ச்சலுக்கு டாக்டரிடம் போக வெட்கப்படுகிறோமா என்ன?